பேரிலேயே மேன் இருக்கிறதே

போன வாரம் சாத்தூரில் பஸ்ஸுக்கு நின்றேன். ஒருவர் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். பசை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பசித்தது. சிரிக்காதீர்கள். ப்ளஸ் டூ முடித்த கையோடு பட்டாசுக் கம்பெனிக்குத் தாள் ஒட்டப் போனவள் நான். அங்கே மைதாப் பசைக்கும் மத்தியானச் சோற்றுக்கும் ஒரே வாசனைதான். போஸ்டரின் மேல்பாதி ஒட்டியாகியிருந்தது. படத்தைப் பார்த்ததும் பசி போய்விட்டது. எங்களோடு வேலை பார்த்த பாக்கியத்தக்கா.

ஆணும் பெண்ணும் ஏன் வேறு வேறு வேலை செய்கிறார்கள் என்று என் மகள் கல்லூரியில் தடித்தடிப் புத்தகமாகப் படிக்கிறாள். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. முதலாளி சட்டைப் பையில் செல்போன் புதிதாக முளைத்திருந்த காலம் அது. எல்லாவற்றுக்கும் கணக்குப்பிள்ளை அண்ணாச்சி விளக்கம் வைத்திருந்தார். திரி வைப்பது பெண்கள், ஏனென்றால் விரல் மெலிசு. நாள் முழுக்கத் தரையில் உட்காருவதும் பெண்கள், ஏனென்றால் பொறுமை ஜாஸ்தி. இருந்த ஒரே நாற்காலி போர்மேனுக்கு, ஏனென்றால் ஆம்பளைக்குப் பொறுப்பு அதிகமாம். நானும் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பூரித்துப்போவேன், கூறுகெட்டவள்.

பழைய போர்மேன் வேறு கம்பெனிக்குப் போனதும் அக்கா நேரே போய் அந்த வேலையைக் கேட்டார். முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. நாற்காலி இல்லையென்றால் இனி வேலையே இல்லை. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் மட்டும்தான். வீட்டுக்காரர் சீட்டாட்டத்தில் கெட்டிக்காரர்.

"போர்மேன்னா பேர்லயே மேன் இருக்குல்லம்மா" என்று அண்ணாச்சி சிரித்தார்.

"அப்ப லட்சுமி வெடிய மட்டும் ஏன் ஆம்பளைக வெடிக்கீக?"

மறுநாள் அந்த நாற்காலிக்கு அண்ணாச்சியின் மருமகன் வந்தார். திரிக்கும் தையல் நூலுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் மேன்.

தீபாவளி சீசன். வாசலில் லாரி நிற்கிறது. எந்தச் சரக்கு எந்த ஆர்டருக்கு என்று தெரியாமல் மருமகன் முழிக்கிறார். அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"பாக்கியம், நீ கொஞ்சம் பார்த்து லோடு ஏத்தி விடும்மா."

"பொம்பளைக்குப் பொறுமை ஜாஸ்தின்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னீக? பொறுமையா உக்காந்திருக்கேன்."

அசையவில்லையே மனுஷி! அவரைப் பார்த்து நாங்களும் கையைக் கட்டிக்கொண்டோம். என் மெலிசு விரல்கள் அதற்குமுன் அவ்வளவு உருப்படியான வேலை செய்ததில்லை. பொழுது சாய்வதற்குள் முதலாளியே நாற்காலியைத் தூக்கி வந்து அக்கா முன்னால் போட்டார்.

அப்புறமும் புது லாரிக்காரர்கள் வந்தால், "நீங்க போர்மேன் சம்சாரமா? அவரு எங்கன போயிருக்காரு?" என்பார்கள்.

"நாந்தாம்லே அவரு" என்பார் அக்கா. ஊரே போர்மேன் பாக்கியம் என்றுதான் கூப்பிட்டது.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தார், அவரோடு அவருடைய விளக்கங்களும் போயின என்றுதான் நினைத்திருந்தேன். போஸ்டரின் கீழ்ப்பாதியும் சுவரேறியது. 'போர்மேன் மனைவி பாக்கியம்.'

"அண்ணே, தப்பா அடிச்சிருக்காக" என்றேன்.

"வீட்டுல 'போர்மேன் பாக்கியம்'னுதான் எழுதிக் குடுத்தாகளாம். நடுவுல மனைவி விட்டுப்போச்சுன்னு பிரஸ்ல சேத்துட்டாக" என்றார் அவர், பசையை இழுத்துத் தடவிக்கொண்டே.

அக்காவின் வீட்டுக்காரர் எந்தக் கம்பெனி வாசலையும் மிதித்தவரில்லை. பிள்ளைகள் கம்பி மத்தாப்பைக் கொளுத்தினாலே வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வார்.