சத்தமில்லாத கார்

வகுப்புக்குப் போகாத நாளில், அப்பா ஓட்டிவரும் வானின் சத்தம் கேட்டாலே ஒளிந்துவிடுவேன். ஆனால் போன் ஆப்பில் வாடகைக்கு எடுத்து ஆளாளுக்கு ஓட்டும் மின்கார்களுக்குச் சத்தமே இல்லை.

இன்று வகுப்புக்குப் போகாமல் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில் நின்றேன். நெரிசலில் சிக்கிய அப்படியொரு காரிலிருந்து சித்தப்பா எட்டிப் பார்த்தார். டாக்டர் அவரை நடக்கச் சொன்னதால் அவருடைய சொந்தக் காரைச் சித்தி விற்றுவிட்டார். ஆனாலும் தெருவில் ஒரு கார்கூடக் குறையவில்லை.

"வகுப்பு இல்லையோ பிள்ளை?"

"நீங்கள் நடக்கேல்லையோ சித்தப்பா?"

பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

"சரி, நான் உன்னைக் காணேல்லை. நீயும் என்னைக் காணேல்லை."

இப்போது அப்பா அடுத்த அறையில் தூங்குகிறார். எனக்குத் தூக்கமில்லை. சித்தப்பாவை அந்த ஆப்பில் பதிந்து கொடுத்ததே நான்தான். அவருக்கு மெயில் இல்லாததால் சித்தியின் மெயிலைக் கொடுத்தேன்; பயண விவரமெல்லாம் அதற்குத்தான் போகும். சித்தப்பா மாட்டினால் நானும் மாட்டுவேன்.

உங்கள் வீட்டுச் சித்திகள் எத்தனை மணிக்கு மெயில் பார்ப்பார்கள்?