பொழுதுபட்டால் பேசாத வீடு

ஜெசிந்தா ரீச்சர் இறந்த செய்தி சைக்கிள் மணியோடுதான் வந்தது. தர்மபுரத்திலிருந்து வந்தவர் என் வீட்டுப் படலை வாசலில் மணியடித்து, சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்: "ரீச்சர் மோசம் போயிட்டா. மலேரியா மூளைக்கு ஏறீட்டுதாம்." மணிச்சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் உடம்பு கூசும். ஏன் என்று ரீச்சரை அறிந்த உங்களுக்கு இப்போதாவது சொல்லவேண்டும்.

கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் நிறைந்திருந்த காலம். பள்ளிக்கூடம் கொட்டில்களில் நடந்தது. நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ரீச்சருக்குத் தமிழ்ப் பாடம். அவர் வாயைத் திறந்தால் மூன்று வகுப்புக்குக் கேட்கும். "கடற்கரையிலை மெல்லக் கதைச்சால் காத்துத்தான் கேக்கும்" என்று சிரிப்பார்.

பத்தாம் வகுப்பில் சுகந்தி என்றொரு பிள்ளை, உருத்திரபுரத்தில் வயல் செய்த கமக்காரரின் மகள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்போமே, அப்படி ஒரு முகம். ஆனால் ஒருத்தியின் கையை இரத்தம் வரக் கடித்தாள். இன்னொருத்தியின் தலையைக் கரும்பலகையில் மோதினாள். "இன்னொருக்கா நடந்தால் பேரை வெட்டுவன்" என்றார் அதிபர். போர் வாசலில் நின்ற காலம் அது. பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை வீட்டிலும் நிலைக்காது, போருக்குப் போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ரீச்சர் அவளிடம் ஏன் அடித்தாய் என்று கேட்கவில்லை. அடிக்கு முன்னால் என்ன நடந்தது என்று மற்றப் பிள்ளைகளிடம் விசாரித்தார். ஒவ்வொரு முறையும் யாரோ உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்றிருக்கிறார்கள்.

"பிள்ளை ஆளுக்கு அடிக்கேல்லை, அந்தச் சத்தத்துக்கு அடிக்குது. வாங்கோ, அது எங்கையிருந்து வருதெண்டு பாப்பம்" என்று என்னைக் கூப்பிட்டார்.

அன்று பின்னேரமே சுகந்தியின் கொட்டிலுக்குப் போனோம். சுகந்தியின் தாய் தேத்தண்ணி தந்து நன்றாகத்தான் கதைத்தா. பொழுதுபட்டதும் பாதிக் கதையில் நின்றுவிட்டா. தகப்பன் இருந்த இடத்திலேயே அசையாமல் இருந்தார். முற்றத்துக் கன்றின் கழுத்துமணியில் துணி சுற்றியிருந்ததை அப்போதுதான் கண்டேன். சுகந்தி கீழுதட்டைப் பல்லால் இறுக்கிக்கொண்டு மூலையில் குந்தியிருந்தாள். ரீச்சர் ஏதோ கேட்க வாயெடுத்தார். தாய் உதட்டில் விரல் வைத்தா.

"உஷ்... தம்பி வாற சத்தம் கேக்காமப் போயிடும்."

தம்பி என்றது அவவின் மூத்த மகனை. இடம்பெயர்ந்து வந்த வழியில், விட்டுவந்த நெல்லை எடுக்கச் சைக்கிளில் திரும்பிப் போனவன். பொழுதுபட முதல் வாறன் என்றவன். இந்தக் கொட்டில் அவனுக்குத் தெரியாது, மணியடித்துத்தான் தேடுவான் என்பது தாயின் கணக்கு. மாதக்கணக்காக அந்த வீடு இரவில் வாய் திறக்கவில்லை.

ரீச்சர் தாயைக் கண்டிக்கவில்லை. கையைப் பிடித்துப் படலைக்குக் கூட்டிப்போனார். "அக்கா, நாங்கள் ரெண்டு பேரும் இஞ்சை இருந்து கேப்பம். பிள்ளை உள்ளுக்கை கதைக்கட்டும்."

பிறகு பின்னேரம் தவறாமல் போய் அங்கே இருந்தார். உள்ளே சுகந்தி முதலில் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள்; பிறகு தகப்பனோடு சண்டை பிடித்தாள்; கடைசியில் பாடினாள். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் கடி விழவில்லை. பெயரும் வெட்டுப்படவில்லை.

ஒருநாள் ரீச்சருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக நான் போய்ப் படலையில் இருந்தேன். பேய் பிசாசை நம்பாதவள் நான். மிகக் கிட்டத்தில் சைக்கிள் மணி இரண்டு தரம் அடித்தது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தேன்; ஒருவரும் இல்லை. தாய் என் கையை இறுக்கிப் பிடித்தா.

"கேட்டதோ ரீச்சர்?"

"ஓம் அக்கா" என்றேன். வேறென்ன சொல்ல? கேட்டதுதானே. உள்ளே சுகந்தியின் பாட்டு நிற்கவில்லை.

சிரிப்பார் என்று நினைத்துத்தான் மறுநாள் ரீச்சரிடம் சொன்னேன். அந்த மனுசி மெல்லக் கதைத்ததை அன்று ஒருநாள்தான் கேட்டேன்.

"எனக்கு நாங்கள் போன முதல்நாளே கேட்டது. அதாலைதான் பிள்ளையை உள்ளுக்கை கதைக்க விட்டனான். அதின்ரை காதிலை அந்த மணி விழக்கூடாது."

ரீச்சரின் செத்தவீட்டில் சுகந்தி குரலெடுத்து அழுதாள். யாரோ ஒரு கிழவர் "உஷ்" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். அவளைப் பிடிக்க எழும்பினேன். அவள் முன்னிலும் பலமாக அழுதாள், அவ்வளவுதான்.

அன்று வீடு திரும்பிப் படலையடியில் இருந்தேன். அம்மா துக்கத்தில் இருக்கிறா என்று என் பிள்ளைகள் உள்ளே சத்தத்தை அடக்கினார்கள். ஒழுங்கையில், மிகக் கிட்டத்தில், மணி அடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"கதையுங்கோ பிள்ளையள்" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டேன். "கேக்கிறதை நான் கேக்கிறன்."