மூச்சை இழுத்துப் பிடிங்க!

எக்ஸ்ரே எடுப்பவளைத் தேடி யாரும் ஆசையாக வருவதில்லை. வருகிறவர்களும் ஏசி குளிரில் நடுங்கியபடி மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். நீங்களும் அப்படி நின்றவர்தானே? 2004-ல் டெக்சாஸின் பிளானோவில் ஒரு கிளினிக்கில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தமிழர் வீட்டு பார்ட்டிகளில் எல்லாரும் சாஃப்ட்வேர். என் வேலையைச் சொன்னால், "ஓ, போட்டோ எடுக்கிற வேலையா?" என்பார்கள். ஆமாம், எலும்பு வரைக்கும் எடுப்பேன் என்பேன்.

மஞ்சள் கயிறு

நெஞ்சு எக்ஸ்ரேக்குக் கழுத்தில் உலோகம் கூடாது. நம் பெண்களிடம் தாலியைக் கழற்றச் சொல்லித் தோற்றுப்போய், கூட வேலை பார்த்த லிண்டா என்னைக் கூப்பிடுவாள். என் டிராயரில் இந்தியக் கடையில் வாங்கிய மஞ்சள் கயிறு இருக்கும். "இதைக் கட்டிக்கிட்டு அதைக் கழட்டுங்கக்கா, கழுத்து வெறுமையா இருக்காது" என்பேன். ஐந்தே நிமிடத்தில் படம் தயார். நான் லீவில் இருந்த ஒரு நாள் லிண்டா பதறிப்போய் போன் பண்ணினாள்.

"உன் டிராயர் காலி! அந்த மஞ்சள் கயிறு எங்க கிடைக்கும், சீக்கிரம் சொல்லு!"

ஃபுல் பாடி

மகனைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்திருந்த ஓர் அங்கிளுக்கு விரல் வீக்கம். விரலைப் படம் எடுத்த பிறகும் எழுந்திருக்க மாட்டேன் என்றார். "அப்படியே முதுகு, முட்டி, நெஞ்சு எல்லாம் எடுத்துடும்மா. பையன் இன்சூரன்ஸ் போட்டிருக்கான்ல?" தேவைக்கு மேல் கதிர் உடம்பில் படக்கூடாது, அதனால்தான் நானே ஒவ்வொரு தடவையும் சுவருக்குப் பின்னால் போய் நிற்கிறேன் என்று விளக்கினேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ ஓடி ஒளியறதை முதல்லயே சொல்லியிருந்தா, விரலைக்கூடக் காட்டியிருக்க மாட்டேனே!"

கதவுக்கு வெளியே

நம்மவர்கள் எக்ஸ்ரேக்கும் குடும்பத்தோடுதான் வருவார்கள். அதனால் எனக்கு ஒரு சட்டம் உண்டு: நோயாளியைத் தவிர எல்லாரும் வெளியே, அப்புறம்தான் கேள்விகள்.

சுங்கம் கட்டிப் போகும் டோல்வே நெடுஞ்சாலையில் கார் இடிபட்டு, இடுப்பு வலியோடு ஒரு பெண் மாமியாருடன் வந்தாள். வித்யா என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்று ரிசப்ஷனில் கேட்டதற்கு மாமியாரே, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டாராம். மாமியாரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டேன். வித்யா வளையலை உருட்டினாள். "நாள் தள்ளிப் போயிருக்குக்கா. இன்னும் டெஸ்ட் பண்ணல. போன தடவை எல்லார்கிட்டயும் சொல்லி, கலைஞ்சு போச்சு. இந்தத் தடவை வாயே திறக்கல."

டாக்டரிடம் ஓடினேன். டெஸ்ட் பண்ணியதில் கர்ப்பம் உறுதியானது. முறிவு இருப்பதாகத் தெரியவில்லை, படம் இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். ஒரு படத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எடுத்த பிறகு இதுவும் கலைந்திருந்தால், அந்தப் பெண் ஆயுசு முழுக்கத் தன்னையே நொந்துகொண்டிருப்பாள். வெளியே மாமியார் பொரிந்து தள்ளினார். "இவ்வளவு நேரம் உட்கார வச்சு, ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கத் தெரியலையா?" ரகசியம் வித்யாவுடையது, நான் சொல்ல முடியாது. திட்டை வாங்கிக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டேன், ஆனாலும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் அதே மாமியார் முட்டி வலியென்று வந்தார். முட்டி வலித்தாலும் பேரனைக் கீழே இறக்குவதாக இல்லை. மூன்று மாதம் தாண்டியதும் மருமகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை நான் சொல்லாமலே மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு, பேரனை மட்டும் என் கையில் கொடுத்தார்.

"பாரும்மா, அன்னிக்கு நீ எடுக்காம விட்ட எக்ஸ்ரே."

இத்தனை வருடம் எடுத்த படங்களெல்லாம் எந்த அலமாரியில் கிடக்கின்றனவோ, எடுக்காமல் விட்ட அந்த ஒன்றை மட்டும் பெயரை மாற்றி, பார்ட்டி தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.