வளைவுக்கு முன்னால் ஒரு விசில்

“படகு ஓட்டறதெல்லாம் டூரிஸ்டுங்களுக்குத்தான் கண்ணு. நம்மாளுங்க கரையில நின்னு பாத்தாப் பத்தாதா?” என்றார் பெரியப்பா.

நாலாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியதற்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோது, ஊட்டி ஏரியில் படகு என்று சொல்லியிருந்தேன். சும்மா ஒரு சுற்று அல்ல, ஏரியின் அந்தக் கோடிவரை. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று கரையிலிருந்து தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; என் பேச்சுக்கு அப்போதே கொஞ்சம் மதிப்பு உண்டு. குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான் மூவரும் பஸ் ஏறினோம்.

கொழுந்து பறிக்கப் போகும்போது படங்குச் சாக்கு கட்டுவது போல, அம்மா லைஃப் ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டாள். படகுத்துறைக்காரர் சிரித்துக்கொண்டே சரியாக மாட்டிவிட்டார். அப்பாவும் அம்மாவும் முன்னால் மிதிக்க, நான் பின்னால். படகு பக்கவாட்டில் போயிற்று.

“ஏனுங்க, இதென்ன மருந்தடிக்கற பம்பா? மெதுவா மிதிங்க!” என்றாள் அம்மா அப்பாவிடம்.

ஒருவழியாக வளைவு நெருங்கியது. இன்னும் பத்து மிதிதான். அப்போது கரையில் விசில் ஊதி, மைக்கில் ஒன்பதாம் நம்பர் படகைத் திரும்பச் சொன்னார்கள். அப்பாவின் கால் நின்றது. படகைத் திருப்பினார்.

“அப்பா, நம்ம நம்பர் பதினேழுப்பா! முன்னாடி எழுதியிருக்குது பாருங்க!”

“விசில் அடிச்சாச்சுல்ல,” என்றார். அம்மாவும் மறுபேச்சில்லாமல் மிதித்தாள்.

“இன்னும் பாதி நேரம் இருக்குதுங்களே, ஏன் வந்துட்டீங்க?” என்றார் படகுத்துறைக்காரர்.

“போதுங்க. நல்லாப் பாத்துட்டோம்.”

திரும்பும் பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்காராமல் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். இதுகூடத் தெரியவில்லையே இவருக்கு என்று வெட்கப்பட்டேன். தேயிலைக் காட்டில் வேலை தொடங்கவும், எடை போடவும், கலையவும் சூப்பர்வைசர் ஊதிய ஒவ்வொரு விசிலும் அப்பாவுக்கும் சேர்த்துத்தான். பதினாலு வயதிலிருந்து அவர் கேட்ட சத்தம் அது. அதைப் புரிந்துகொள்ள எனக்குக் கல்லூரி முடிய வேண்டியிருந்தது.

ஊர்க்காரர்கள் சொந்தப் படகை இறக்கி, நேரக் கணக்கும் விசிலும் இல்லாமல் துடுப்புப் போட, ஏரியின் அந்தக் கோடியில் ஒரு சின்னப் படித்துறை கேட்டு மனு எழுதினேன். போன திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்தும் விட்டேன். முதல் கையெழுத்து என்னுடையது. அதற்குக் கீழே, கொஞ்சம் மை பரவி, அப்பாவின் கைநாட்டு.