பன்னிரண்டு மணித் தண்ணீர்

ஏரித் தண்ணீரில் மீன் மூச்சுவிடப் போதுமான பிராணவாயு இருக்கிறதா என்று அளந்து எழுதுவது என் வேலை. பதவியின் பெயர் நீளமாக இருக்கும். அதிகாரம் மட்டும் இருக்காது, ஒப்பந்தக்காரிதானே. பத்து மணிக்கு ஆபீசில் விரல் வைத்து வருகையைப் பதிய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜீப் கிளம்பும். ஓசூர் ரோட்டு நெரிசலைத் தாண்டி ஏரிக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும்.

இதில்தான் கோளாறு. பாசி பிடித்துப் பச்சையான ஏரியில், வெயில் இருக்கும்வரை பாசியே தண்ணீருக்குள் பிராணவாயுவை விடும். இருட்டிய பிறகு அதே பாசி அதை எடுத்துக்கொள்ளும். ஆக, மீன் திணறுவது விடியற்காலையில். நாங்கள் அளப்பது மத்தியானத்தில். காய்ச்சல் விட்ட நேரமாகப் பார்த்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற வைத்தியம்.

மேலதிகாரியிடம் ஒருமுறை கேட்டேன். "சார், ஒரு நாள் மீட்டரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், அஞ்சு மணிக்கு ரீடிங் எடுக்கட்டுமா?"

"மீட்டர் வெளிய போகக்கூடாதும்மா. டூட்டி டைம்ல எடுத்ததுதான் சிஸ்டம்ல ஏறும். சும்மா இரு."

சும்மா இருந்தேன். நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

அத்திபெலே பக்கத்து ஏரி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் கிருஷ்ணகிரிக்காரர். கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை விட்டிருந்தார். நாங்கள் போகும் நாளில் கரையில் காத்திருப்பார். அந்த வாரம் மூன்று நாளாக வானம் மூடிக் கிடந்தது.

"மேடம், இப்பவே வலை போட்டுடவா? இன்னும் ஒரு மாசம் விட்டா நல்லா எடை வரும். நீங்க சொல்றதுதான்."

மீட்டரில் எண் வரம்புக்குள்தான் இருந்தது. மூட்டமான வாரத்தில் பாசி பகலில் விடுவது இரவுக்குக் காணாது, மத்தியான எண்ணை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "ரீடிங் நல்லாதான்ணா இருக்கு" என்றேன்.

இரண்டாம் நாள் காலை ஐந்தரைக்கு அவரிடமிருந்து போன். "மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது மேடம். சீக்கிரம் வாங்க."

பொம்மனஹள்ளியில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பறந்தேன். மீட்டர் ஆபீஸ் பீரோவில் இருந்தது, சாவி சாரிடம், சார் போனை எடுக்கவில்லை. வெறுங்கையோடு போய் நின்றேன். ஏரி முழுக்க வாய்கள். கொஞ்சமாவது காற்று கலக்கட்டும் என்று அவர் பரிசலில் போய்த் துடுப்பால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். நானும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு பிளாஸ்டிக் குடத்தில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். அத்தனை பெரிய ஏரிக்கு ஒரு குடம். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. எட்டு மணிக்குள் வெள்ளை வயிறுகள் கரையோரம் ஒதுங்க ஆரம்பித்தன.

ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். தண்ணீரில் இவர் எதையோ கலந்திருக்கிறார், குத்தகையை ரத்து செய்ய வேண்டும் என்று பேச்சு எழுந்தது. அவர் என்னைக் கைகாட்டினார். "மேடம் கண்ணால பார்த்தாங்க. அவங்க எழுதிக் குடுப்பாங்க."

சாரும் மீட்டருமாக ஜீப் வந்தது பன்னிரண்டு மணிக்கு. அன்றைக்கென்று வெயில் பளீரென்று அடித்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மீட்டரை இறக்கினேன், எண் ஜம்மென்று ஏறி நின்றது. காலையில் பார்த்ததைப் படிவத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதினேன். சார் அதைப் படித்துவிட்டு, "கண்ணால பார்த்ததெல்லாம் ரீடிங் ஆகுமாம்மா?" என்று புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். எண்ணை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

குத்தகைக்காரருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நகலைக் கையில் வாங்கிக்கொண்டு, "என்ன எழுதியிருக்கீங்க மேடம்?" என்றார்.

"பிராணவாயு போதுமான அளவு இருக்குன்னு."

தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "அப்ப நான்தான் கொன்னேனா?"

"இல்லண்ணா" என்றேன். அது அவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். ஊர்க்காரர்கள் அவர் கையிலிருந்து தாளை வாங்கி, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.