தெற்குச் சுவரில் எருமை

நான் ஒரு எருமைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கும்மிடிப்பூண்டியில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் நான் வழிவிட்ட எருமை படத்தில் இருந்தது.

பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு பிரேம் கடை. சாமி படம், கல்யாணப் படம், செத்தவர்கள் படம் எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டுத் தருவார்கள். முதல் ஷிப்ட் முடிந்து, மதிய வெயிலில் வந்துகொண்டிருந்தேன். கடை வாசலில் எருமை நின்றது. ஈர மூக்கு, சேறு காய்ந்த முன்கால், இடது கொம்பின் நுனியில் ஒரு சின்ன உடைசல். கையிலிருந்த காகித உறையை ஆட்டி, "ஹை, ஹை, நவுரு" என்றேன். நகரவில்லை. சரி, அதுவாகப் போகட்டும் என்று சாக்கடை ஓரமாக நின்றேன். ஒரு நிமிஷமாவது நின்றிருப்பேன்.

கடைக்குள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் பிரஷ்.

"அண்ணா, அது படம்ணா."

"தெரியும்மா. சும்மா பாத்துக்கினு நிக்கிறேன்."

"ஹை ஹைன்னீங்களே?"

மானம் போன இடத்தில் பேரம் பேச முடியாது. எருமையை வாங்கிவிட்டேன். ஷேர் ஆட்டோவில் அதற்கும் ஒரு சீட். உறை மட்டும் போன மாதிரியே என் கையில் திரும்பி வந்தது. அதற்குள் இருந்தது என் மனைவியின் படம். அவள் இறந்து அன்றோடு பத்து நாள். அந்தப் படத்துக்குச் சட்டம் போடத்தான் கடைக்கே போயிருந்தேன்.

பத்தாம் நாளே வேலைக்குப் போனவன் இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அழுகை வரும் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து காத்திருந்தேன். வரவில்லை. பசித்தது, தூங்கினேன், கேன்டீனில் யாரோ ஏதோ சொன்னதற்குச் சிரித்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, நம் கன்னம்தான், ஆனால் நம்முடையது இல்லை. உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

என் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். லாரிக்குப் போகிற ஸ்பிரிங் பட்டைகளைப் பார்ப்பது. வெடிப்பு, கீறல், அளவு வித்தியாசம். சரியில்லை என்றால் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு, பட்டை ஓரம் போய்விடும். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். என் கண்ணில் இருந்து எதுவும் தப்பாது என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

அந்தக் கண்ணோடு என் மனைவியின் படத்தைப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரன் அவளுடைய ரேஷன் கார்டுப் படத்தை எடுத்துப் பெரிசாக்கி, வெளுப்பாக்கி, அவள் வாழ்நாளில் கட்டாத மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டிவிட்டிருந்தான். கழுத்தில் நாங்கள் வாங்காத நகை. பின்னால் ஒரு அருவி. செத்தவர்கள் எல்லாருக்கும் அதே புடவை, அதே நகை, அதே அருவிதான், தலையை மட்டும் மாற்றுவார்கள். மனதுக்குள் சிவப்புக் கோடு போட்டேன். பேப்பரில் சுற்றி பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் இல்லை. மகள் தன் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்றை போனில் வைத்து, போனைச் சொம்பில் சாய்த்து, சொம்புக்கு மாலை போட்டாள். அரை நிமிஷத்துக்கு ஒரு முறை திரை அணைந்துவிடும். மருமகன் பக்கத்திலேயே குந்திக்கொண்டு விரலால் தட்டித் தட்டி மாமியாரை எழுப்பிக்கொண்டிருந்தான். கற்பூரம் காட்டும்போது லோன் வேணுமா என்று ஒரு பெண் போன் செய்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்துவிட்டேன். அதை என் மச்சினன் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் படம் தெற்குச் சுவரில்தான் மாட்ட வேண்டும். எங்கள் வீட்டுத் தெற்குச் சுவரில் எருமை ஏறியது. பெரிய படம், வேறு சுவர் தாங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆடு, காக்கா, ஒரு காது கடிபட்ட தெருநாய், முருங்கைக் கிளையில் அணில், அடைக்கோழி. எல்லாம் அந்தப் பிரேம் கடைப் பெண் வரைந்தவை. அவள் போட்டோ பார்த்து வரைய மாட்டாள். எதிரே மாடு நின்றால் மாடு, நாய் படுத்தால் நாய். "கண்ணு முன்னாடி இன்னா இருக்குதோ அதாண்ணா என் கைக்கு வரும்" என்பாள். ரோமம் ரோமமாகப் போடுவாள். கீறல் பார்க்கிற கம்பெனி லென்ஸை எடுத்துப் போய் நான் சோதித்திருக்கிறேன். ஒரு முறை ஆட்டின் கண்மணி வட்டமாக இருந்தது என்று திருப்பிக் கொடுத்தேன். அது படுக்கைவசக் கோடு மாதிரி இருக்க வேண்டும். மறுவாரம் சரி செய்து கொடுத்தாள். சாயங்காலம் டீயை வைத்துக்கொண்டு காக்காவின் முன்னால் உட்கார்வேன். கழுத்துச் சாம்பல் எங்கே முடிந்து கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் டீ ஆறிவிடும். ஒன்றும் தோன்றாது. அதற்காகத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"இன்னாபா, இது ஊடா, மாட்டாஸ்பத்திரியா?"

"உள்ள வா, உனக்கும் ஒரு ஊசி போட்டுடலாம்."

முதல் வருஷப் படையலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மகள் மீஞ்சூரிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தெற்குச் சுவர் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா எங்க நைனா?"

பீரோவைத் திறந்து பேப்பரைப் பிரித்துக் காட்டினேன்.

"இத ஏன் மாட்டல?"

"இது அவ இல்லம்மா. மூக்கு தப்பு, கலரு தப்பு. அருவி வேற."

"எல்லாருக்கும் அப்டிதான் பண்ணித் தருவாங்க. இதுல இன்னா உனுக்கு இன்ஸ்பெக்சன்?" அவள் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "கோயிக்கி எடம் கீது. நாயிக்கி எடம் கீது."

நான் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்தேன்.

"சும்மாரு நைனா. படையலுக்கு இந்த செவுத்துல அம்மா இருக்கணும். இல்லன்னா படத்த நான் எங்க ஊட்டுக்கு எடுத்துக்கினு பூடுவேன். வருசா வருசம் அங்க வந்து விருந்தாளி மாரி துன்னுட்டுப் போ."

அவள் சொன்னால் செய்வாள். வருஷத்துக்கு ஒரு நாள் அவள் அம்மா பேரில் என் வீட்டில் அடுப்பெரிவதும் நின்றுவிடும். நின்றுவிட்டால் நானும் அந்தப் பிராணிகளும்தான் மிச்சம். அன்று சாயங்காலமே பிரேம் கடைக்குப் போனேன்.

"எங்க ஊட்டம்மாவ வரையணும். எருமைய போட்ட மாரி, அச்சு அசலா."

"நான் ஆளுங்கள போட்டதில்லியேண்ணா. அவங்க எதுர்ல இல்ல, நல்ல போட்டோவாச்சும் கீதா?"

மகளின் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோயிருக்கலாம். அதில் மேக்கப் போட்டு அவள் முகத்தை யாரோ மாதிரி ஆக்கியிருந்தார்கள். அதைவிடப் பெரிய காரணம் என் திமிர்.

"போட்டோ எதுக்கு? இருவத்தாறு வருசம் பாத்த மூஞ்சி. நான் சொல்றேன், நீ போடு."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"மூக்கு எப்டிண்ணா?"

"அந்த மூக்கு கீதே, நான் தெருமுனையில வர சொல்லவே கண்டுபுட்ச்சிடும், குடிச்சிக்கிறேனா இல்லியான்னு."

"கண்ணு?"

"நான் ஜோக்கு சொன்னா ஒரு பார்வ பாப்பா பாரு. சிரிக்க மாட்டா. நான் போனப்பறம் உள்ள போய் சிரிப்பா."

"பெருசா, சின்னதாண்ணா?"

"நார்மல்."

"காது?"

"நான் சொன்னது ஒன்னும் அதுல ஏறாது."

அவள் சிரித்தாள். நான் உற்சாகமாகிவிட்டேன். நைட் ஷிப்ட் முடிந்து நான் தூங்கும்போது தெருவில் கிரிக்கெட் ஆடுகிறவர்களை என் மனைவி விரட்டியது, என் கைலியைக் கரித்துணியாக்கியது, கம்பெனியில் ஸ்பிரிங் துண்டு தெறித்து எனக்கு அடிபட்டபோது ஆஸ்பத்திரி வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தது, எல்லாம் சொன்னேன். அந்த ஒரு வருஷத்தில் நான் அவ்வளவு பேசியதே இல்லை. பிரேம் கடைப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், குனிந்து வரைவாள். மறுபடி நிமிர்வாள்.

படம் வந்தது. பச்சை நிறத்தில் நூல் புடவை. அருவி இல்லை. தோலில் வெயில் பட்ட கறுப்பு, ரத்தம் ஓடுகிற மாதிரி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒரு குறை இல்லை. பார்க்கப் பார்க்க, ரொம்பப் பழகின முகம். பாஸ் செய்துவிட்டேன். எருமையை இறக்கி கட்டிலுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அந்த ஆணியிலேயே மாட்டினேன்.

படையல் அன்று காலையில் மகளும் மருமகனும் முதல் வண்டியில் வந்தார்கள். பூப்பையைக் கீழே வைத்துவிட்டு மகள் படத்தைப் பார்த்தாள். அசையாமல் நின்றாள். அம்மாவே நேரில் வந்த மாதிரி அசந்துவிட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

"நைனா."

"இன்னாம்மா?"

"இது நீ."

மருமகன் தரையைப் பார்த்து இருமினான். அந்த இருமலுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், நானும் அந்த ஜாதி இருமல்தான்.

"பொடவ கட்டிக்கினு நீயே ஒக்காந்துக்கினு கீற. நல்லா பாரு."

பார்த்தேன். என் மூக்கு. என் காது. இடது புருவத்தில் ஸ்பிரிங் துண்டு கிழித்த தழும்புகூட விடுபடவில்லை. அதற்குப் பொட்டு வைத்து, மூக்குத்தி குத்தியிருந்தது. அந்த முகத்துக்குத்தான் நான் முந்தின நாள் ராத்திரி ஊதுபத்தி ஏற்றிப் பார்த்தேன்.

"அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் மகள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"வலது" என்றேன்.

அவள் படத்தை இறக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். பீரோவைத் திறந்து பேப்பர் கட்டைப் பிரித்து, சட்டம் இல்லாத அந்த ஸ்டுடியோ படத்தை டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மாலையை மெல்லத் தொங்கவிட்டாள். படத்தில், ரேஷன் கார்டில் இருந்தபடியே, மூக்குத்தி இடது பக்கம் இருந்தது. இலை போட்டோம். வடை, கருவாட்டுக் குழம்பு, அவளுக்குப் பிடித்த மொச்சை. மொச்சை பிடிக்கும் என்று மகள்தான் சொன்னாள். சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்ததா என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

சாயங்காலம் மகள் படத்தை டேப்போடு உரித்துச் சுருட்டி, புடவை மடிப்பில் வைத்துப் பையில் போட்டாள். ஸ்டேஷன் வரை போனேன். வண்டி வந்தது. "மாத்திர போட்டுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள். வீட்டுக்கு வந்து எருமையை எடுத்து மறுபடி மாட்டலாமா என்று பார்த்தேன். மாட்டவில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் படத்தைத் தூக்கிக்கொண்டு பிரேம் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"எங்க ஊட்டம்மாவ போட சொன்னா, என்னப் போட்டு வெச்சிக்கிறியேம்மா? நாயத்த சொல்லு."

அவள் ஒரு கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்து, கையைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு ஞாயித்துக்கெயம ஒக்காந்து பேசனீங்களேண்ணா, அவங்களப் பத்தி ஒன்னு சொன்னீங்களா? பூரா உங்களப் பத்திதான சொன்னீங்க."