ஹொக்கிக்காரன் புறப்பட்ட காலை

அந்தக் காலையை நினைத்தால் அப்பாவின் மீது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அப்பா இப்போது இல்லை. இருந்தும் வருகிறது.

தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில், நிலத்துக்குக் கீழே இருந்த தளத்தில் குடியிருந்தோம். மேலே வீட்டுக்காரர்கள், உக்ரேனிய வழிவந்த தாயும் மகனும். மகன் ஹொக்கி விளையாடுபவன். அவனுடைய பூட்டன் கோதுமை விதைக்கக் கப்பலேறி வந்தவராம். இவன் நடக்கப் பழகிய கையோடு பனியில் சறுக்கப் பழகியவன். சின்ன ஊர்க் குழுக்களுக்கு ஆடி, முன்பற்களைப் பறிகொடுத்து, கடைசியில் பெரிய குழு ஒன்று அவனைத் தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டிருந்தது. அதற்காகத்தான் அவ்வளவு காலமும் அடிபட்டான்.

அவனுடைய கையுறை கிழிந்திருந்தது. பழகிய கையுறை, புதிது வேண்டாம் என்றான். தையல் ஃபக்ரரியில் வேலைசெய்த என் மாமி, அப்பாவின் தங்கை, அந்தத் தடித்த தோலை விரலெல்லாம் ஊசி குத்தத் தைத்துக் கொடுத்தார். மாமியின் புருஷன் ஊரில் ஷெல் விழுந்து செத்தவர். மாமிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

புறப்படும் காலையில் வீட்டுக்கார அன்ரி எங்களையும் மேலே கூப்பிட்டார். பயணத்துக்கு முன் வீட்டிலுள்ள எல்லோரும் சற்றுநேரம் பேசாமல் உட்கார்ந்து எழும்ப வேண்டும், அது அவர்கள் வழக்கம். மாமி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அப்பா படியில் மறித்தார்.

"நீ எங்கை வெளிக்கிடுறாய்? நல்ல காரியத்துக்குப் போற பெடியன். அவன்ரை முன்னாலை வராதை."

"அண்ணை, அந்தக் கிளவுஸைத் தைச்சதே நான்தானே."

"தைச்சது போதும். உள்ளை போ."

மாமி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சகுனம் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவனுக்காக அப்பா சகுனம் பார்த்தார்.

மேலே உட்கார்ந்தோம். ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. "தைத்துத் தந்த பிள்ளை எங்கே?" என்று அன்ரி ஆங்கிலத்தில் கேட்டார். "சிக்," சுகமில்லை என்றார் அப்பா, நெற்றியைத் தொட்டுக் காட்டி. ஹொக்கிக்காரன் போகும்போது படியில் குனிந்து "தாங்க் யூ!" என்று கீழே கத்தினான். நாங்கள் இறங்கி வந்தபோதும் பாத்ரூம் கதவு சாத்தியே கிடந்தது.

மாதம் முடியமுன் ஊன்றுகோலோடு திரும்பினான். முழங்கால் போய்விட்டது. பிறகு எந்தக் குழுவும் அவனைக் கூப்பிடவில்லை. ஒஷாவாவில் ஹொக்கி அரங்கொன்றில் பனி வழிக்கும் மெசின் ஓட்டப் போனான்.

அவன் திரும்பிய அன்று சாப்பிடும்போது அப்பா மாமியிடம் சொன்னார்: "யன்னலாலை எட்டிப் பாத்திருப்பாய். உன்ரை ராசி அப்பிடி."

மாமி பருப்பை வார்த்தார்.  வாய் திறக்காத பிள்ளை நான், எழும்பி நின்று கத்தினேன்.

"பொய்! பாத்ரூமிலை யன்னல் எங்கை இருக்கு? அந்த அண்ணை போனாப் பிறகுதான் மாமி வெளியிலை வந்தவ. அவவை அவர் காணவே இல்லை!"

 மாமியைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் திரும்பினேன். மாமி கரண்டியை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்பா சொன்னபோது வராத அழுகை, நான் சொன்னபோது ஏன் வந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவன் கண்டிருந்தால் அது மாமியின் ராசிதான் என்று நானும் ஒப்புக்கொண்டிருந்தேன்.